பரவாயில்லை: ஓர் உயர்மட்ட ஆய்வு

மார்ச் மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, தொலைக்காட்சி நிலையத்தின் நான்காவது மாடிக் கூட்ட அறையில், ஒரு பார்வையாளரின் கருத்து கேட்கப்பட்டது.

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாக வைத்து எண்ண வேண்டிய நிகழ்ச்சி இது. அதுவரை அந்த நிலையத்தில் பார்வையாளரின் கருத்தை எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். பார்வையாளர் மட்டும் சொன்னதில்லை.

'அழவே பிறந்தவள்' தொடர் தேய்பிறையில் இருந்ததே காரணம். நிகழ்ச்சித் தலைவர் ஜனநாயகவாதி. கழுத்தை அறுக்கும் முன் கருத்துக் கேட்பவர்.

"மனசுல பட்டதைப் பட்டுன்னு சொல்ற ஒரு ஆளைக் கூட்டிட்டு வாங்க" என்று தொடரின் வசனகர்த்தாவிடம் சொல்லியிருந்தார். "அவங்க நல்லா இருக்குன்னா தொடர் ஓடும். இல்லைன்னா வெள்ளிக்கிழமையோட மூட்டை கட்டிடலாம்."

வசனகர்த்தா கவலைப்படவில்லை. அவர் குடியிருப்பதே அப்படி ஒரு பார்வையாளரின் வீட்டு மாடியறையில்தான். அந்தப் பார்வையாளர், அதாவது வசனகர்த்தாவின் மாமியார், ஒரு நாள்கூடத் தொடரைத் தவறவிட்டதில்லை. தினமும் முடிந்த கையோடு, "எப்படி அத்தை?" என்று இவர் கேட்பார். "பரவாயில்லை" என்பார் அவர்.

அந்த வீட்டின் உச்சபட்ச விருது அது. வசனகர்த்தாவுக்கு அது எப்படித் தெரியும் என்றால், மனைவி அவரை முதன்முதலில் வீட்டுக்கு அழைத்துப் போன அன்று, அத்தை உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நாலு பேர் முன்னிலையில் அதே வார்த்தையைத்தான் சொன்னார். அந்த ஒற்றைச் சொல்லை நம்பித்தான் அவர் பெட்டி படுக்கையோடு மாடியேறினார்.

"இவங்க என் மாமியார் சார். எதையும் மறைக்கத் தெரியாது" என்று கூட்டத்தில் அறிமுகப்படுத்தினார்.

தலைவர் முகம் சுளித்தார். "மாமியாரா? மருமகனுக்குச் சாதகமாப் பேசிட மாட்டாங்களா?"

"சார், நீங்க நம்ம தொடரையே பார்க்கிறதில்லையா?" என்றார் ஆய்வுப் பிரிவு அதிகாரியான அம்மையார்.

விசாரணை தொடங்கியது.

"கூச்சப்படாமச் சொல்லுங்கம்மா. சினிமாவுல இருந்து ஆரம்பிப்போம். கடைசியா எது பார்த்தீங்க?" என்றார் தலைவர்.

"போன மாசம் ஒண்ணு பார்த்தேன். ஹீரோ கார்ல இருந்து ஒரு காலை எடுத்துக் கீழே வெச்சான். அடுத்த காலை வெக்கிறதுக்குள்ள நான் ஒரு கூடை துணியை மடிச்சு அடுக்கிட்டேன்."

"அதுக்குப் பேரு பில்டப்பும்மா."

"கட்டிக்கிட்டே இருந்தா எப்படி? ஒரு நாளாவது குடி போக வேணாமா?"

'பார்வையாளர் பன்முக ஈடுபாட்டுடன் படம் பார்க்கிறார்' என்று அதிகாரி குறித்துக்கொண்டார்.

"சரி, நம்ம சீரியல்?"

வசனகர்த்தா சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

"போன வாரம் திங்கட்கிழமை அந்தப் பொண்ணு மயங்கி விழுந்தா. டாக்டர் வெள்ளிக்கிழமை வந்தாரு. அதுவரைக்கும் வீடே சுத்தி நின்னு ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்கிறாங்க. யாராவது ஒரு கை தண்ணி தெளிச்சாங்களா?"

"தெளிச்சா முழிச்சுக்குவா அத்தை" என்றார் வசனகர்த்தா தணிந்த குரலில். "அப்புறம் செவ்வாய்க்கிழமைக்கு எங்கே போறது?"

"வசனம் எப்படிம்மா?"

"'நீ... நீயா?'ங்கிறா ஒருத்தி. 'நானேதான்'ங்கிறா இன்னொருத்தி. உடனே விளம்பரம் போட்டுடுறீங்க. ரெண்டு பேரும் ஒரே வீடு. காலையில ஒரே மேசையில உக்காந்துதான் சாப்பிட்டாங்க!"

தலைவர் பேனாவை மூடினார். "எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சுப் பார்த்தா, மொத்தத்துல?"

அத்தை யோசித்தார்.

"பரவாயில்லை."

வசனகர்த்தாவுக்குக் கண் கலங்கியது. ஆனால் கூட்டம் இரண்டாகப் பிளந்தது.

"சார், சொல்லு 'இல்லை'ன்னு முடியுது. எதிர்மறைதான்" என்றார் அதிகாரி.

"பஸ்ல காலை மிதிச்சவன்கிட்டயும் அதைத்தான் சொல்றோம். அப்போ இது மன்னிப்பு" என்றார் தலைவர்.

"காய்ச்சல்காரனுக்கு உடம்பு தேறினாலும் அதைத்தானே சார் சொல்றோம்? ஒரு துணைக்குழு போட்டுடலாமா?" என்று அதிகாரியே குழம்பினார்.

வசனகர்த்தாவால் பொறுக்க முடியவில்லை. எழுந்தே விட்டார். "துணைக்குழு எதுக்கு சார்? எங்க வீட்ல இதுக்கு மேல பாராட்டே கிடையாது! என்னை முதமுதல்ல பார்த்தப்போ அத்தை சொன்னதும் இதே வார்த்தைதான்!"

"அப்படியா?" தலைவர் அத்தையின் பக்கம் திரும்பினார். "அப்போ நீங்களே சொல்லிடுங்கம்மா. அதுக்கு என்னதான் அர்த்தம்?"

அத்தை மாப்பிள்ளையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். மறுபடி மாப்பிள்ளையைப் பார்த்தார். மறைக்கத் தெரியாதவர், பாவம், என்ன செய்வார்?

"பொண்ணு ஆசைப்பட்டுட்டா. வீட்டுக்குள்ள வந்து உக்காந்தாச்சு. எழுந்து போற மாதிரியும் தெரியலை. சரி, தலையெழுத்து, பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சகிச்சுக்குவோம்னு அர்த்தம்."

இடி இடிக்கவில்லை. பின்னணி இசை அலறவில்லை. வசனகர்த்தாவின் முகத்தை யாரும் மூன்று முறை காட்டவில்லை.

"நீங்க சீரியலைச் சொல்றீங்களா, மாப்பிள்ளையைச் சொல்றீங்களா?" என்று அதிகாரி தெளிவு கோரினார்.

"தனித்தனியா வேற சொல்லணுமா?"

"பிடிக்காததைத் தினமும் ஏம்மா பார்க்கிறீங்க?"

"இவர் பக்கத்துலயே உக்காந்து என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருக்காரே. எப்படி எழுந்து போறது?"

தொடர் அந்த வெள்ளிக்கிழமையோடு நிறுத்தப்பட்டது. டாக்டர் வந்தும், கதாநாயகி மயங்கி விழுந்தவள் விழுந்தவள்தான்.

கூட்டம் நடந்த அன்று மாலை வீட்டில் தொலைக்காட்சியை யாரும் போடவில்லை. வசனகர்த்தா தலையைத் தூக்காமல் சாப்பிட்டார். அத்தைக்கு மனசு கேட்கவில்லை. வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடுதலாகக் குழம்பை ஊற்றிவிட்டு, வழக்கத்தைவிட மெதுவாகக் கேட்டார்: "எப்படி மாப்பிள்ளை?"

தன் எழுத்து வாழ்க்கையிலேயே சுருக்கமான வசனத்தை அவர் அப்போதுதான் எழுதினார்.

"பரவாயில்லை அத்தை."

கரண்டி பாதி வழியில் நின்றது.

மறுநாள் முதல் வசனகர்த்தா தன் சமையலைத் தானே செய்துகொள்கிறார்.