புளி மண்டி ஜாஸ் ரசிகர்

சங்கீதம் கேட்கிறவர்கள் வேறு, ரசிகர்கள் வேறு. கேட்கிறவர் பாட்டு வந்தால் கேட்பார், நின்றால் எழுந்து போய்க் கைகால் அலம்பிக்கொண்டு சாப்பிட உட்காருவார். ரசிகர் அப்படிப்பட்ட பிறவி அல்ல. தான் கேட்பதோடு நில்லாமல் உங்களையும் கேட்க வைப்பார். கேட்க வைக்கிறாரே, கேட்க விடுவாரா? அதுதான் இல்லை. ரெக்கார்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "இப்போ வருது பாருங்க... இதோ, இதோ... வந்துச்சி, பாத்தீங்களா!" என்று கூவுவார். வந்தது எதுவோ, அது அவருடைய கூவலுக்கு அடியில் போய்விடும். நீங்கள் தலையை ஆட்டுவீர்கள். வேறென்ன செய்வது? முழங்கை அவரிடம் அல்லவா இருக்கிறது.

இந்த இனம் இல்லாத ஊர் கிடையாது. தெருவுக்கு ஒருவராவது இருப்பார், உங்கள் ஆபீசில் இரண்டு பேர் இருப்பார்கள். ஆனால் ஜவ்வாது மலைமேல், ஜமுனாமரத்தூரில், புளி மண்டி வைத்துக்கொண்டு, வாய்க்கு வாய் ஜாஸ் ஜாஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அருணகிரி ஒருவர்தான். ஜாஸ் என்றால் பயப்பட வேண்டாம். எக்காளம், சாக்ஸபோன், டிரம்ஸ் எல்லாம் கூடி அமெரிக்காவில் ஒரு மெட்டைப் பிடித்துக்கொள்வார்கள். பிறகு ஒவ்வொருவராக அதை இஷ்டத்துக்கு இழுத்துக்கொண்டு காடுமேடெல்லாம் சுற்றிவிட்டு, பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்ப்பார்கள். அப்படித் தனியாகச் சுற்றுவதற்கு சோலோ என்று பெயர். அருணகிரியின் வாழ்க்கையே ஒரு சோலோவுக்கும் இன்னொரு சோலோவுக்கும் நடுவே கிடைத்த நேரத்தில் நடந்ததுதான்.

இந்த நோய் அவருக்கு எழுபத்திரண்டாம் வருஷ வாக்கில் வேலூரில் தொற்றியது. ஊருக்குத் திரும்புகிற வெளிநாட்டு டாக்டர் ஒருவர் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார். இரும்பு பீரோ வாங்கப் போன அருணகிரி, ஒரு ரெக்கார்டு பிளேயரையும் ஒரு பெட்டி நிறைய ஜாஸ் ரெக்கார்டுகளையும் தலைமேல் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். "பீரோ எங்க?" என்று அவர் மனைவி சகுந்தலா கேட்டாள். அந்த அம்மாள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

அன்று முதல் மண்டியில் வியாபாரம் ரெக்கார்டின் சௌகரியத்தைப் பார்த்துத்தான் நடந்தது. கல்லாப்பெட்டிக்கு மேலே, மகாலட்சுமி படத்துக்குப் பக்கத்தில், கன்னம் இரண்டும் பூரிபோல உப்பி எக்காளம் ஊதுகிற ஒரு மகானுபாவரின் ரெக்கார்டு அட்டை கண்ணாடி போட்டுத் தொங்கியது. வெள்ளிக்கிழமை அவருக்கும் சாம்பிராணி உண்டு. "பாவம், இன்னா பல்லு வலியா அவுருக்கு?" என்று கேட்ட, மண்டியில் புளிக்குக் கொட்டை எடுக்கிற செல்லியம்மாளுக்கு அந்த வருஷம் முழுக்க அருணகிரி முகம் கொடுத்துப் பேசவில்லை.

மலைக்கு உள்ளிருந்து புளி மூட்டை கொண்டுவருகிற விவசாயி துரைக்கண்ணு தராசுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார்.

"மொதலாளி, மூட்டைய எறக்கி எவ்ளோ நேரமாவுது. எடை போடுங்க. பஸ்ஸு பூடும்."

"இருய்யா. இப்போ சாக்ஸபோன் வரும். அத கேட்டுட்டுப் போ."

"அது வந்துட்டுப் பூடுமா, இல்ல ராத்தங்குமா?"

சாக்ஸபோன் வரும், போகும், மறுபடி வரும். கடைசியில் ஊசியைத் தூக்கிவிட்டு அருணகிரி ஆசையோடு கேட்பார்: "எப்பிடி இருந்துச்சி?"

"நல்லாத்தான் கீது. கரடி வந்தா நாங்க தகரம் தட்டுவோமே, அந்தமாரி."

நீங்களாக இருந்தால் கோபித்துக்கொண்டிருப்பீர்கள். ரசிகர் கோபித்துக்கொள்ளமாட்டார். எதிராளி எதைச் சொன்னாலும் அது பாராட்டாகவே அவர் காதில் விழும். "பாருங்கய்யா, மலைக்காரருக்கு எப்பிடிப் புடிபட்டுச்சி! தாளம் அவுரு ரத்தத்துலயே கீது!" என்று துரைக்கண்ணுவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். துரைக்கண்ணு அடுத்த தடவை ஒடுகத்தூர் மண்டிக்குப் போய்விடலாமா என்று யோசித்ததாகக் கேள்வி.

ரெக்கார்டு கேட்டால், "இதெல்லாம் நேர்ல கேக்கணும், அதான் சொகம்" என்பார். சரி, நேரிலே கேட்டால் திருப்திப்படுவாரா? மெட்ராஸுக்கு வெளிநாட்டுக் கோஷ்டி எது வந்தாலும் முதல் பஸ் பிடித்துப் போவார், முதல் வரிசையில் உட்காருவார், ஒவ்வொரு சோலோ முடிந்ததும் அரங்கத்திலேயே தாம் ஒருவராகக் கைதட்டுவார், கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் நுழைந்து டிரம்ஸ்காரர் கையில் ஒரு பாட்டில் மலைத்தேனையும் கொட்டை எடுத்த புளி ஒரு பொட்டலத்தையும் திணிப்பார். அந்த மனிதர் அதை அமெரிக்காவில் என்ன செய்தாரோ! ஊர் திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரரிடம், "நல்லாதான் வாசிச்சாரு. இருந்தாலும் ரெக்கார்டுல இருக்கற சுத்தம் வர்ல" என்பார். நேரில் இருந்தால் ரெக்கார்டு உசத்தி, ரெக்கார்டில் இருந்தால் நேர் உசத்தி. ரசிகருக்கு எப்போதும் கையில் இல்லாததே காதுக்கு இனிமை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சோலோ வந்தால் அருணகிரிக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும். மூடினால் உலகம் கிடையாது. அவருக்கு வசந்தி என்று ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்துக் கோப்பையோடு ஓடி வந்தவளிடம், "இரும்மா, இந்த சோலோ முடியட்டும்" என்றார் மூடிய கண்ணோடு. அது முடிந்தது. அடுத்தது தொடங்கியது. குழந்தை கோப்பையைக் கல்லாப்பெட்டிமேல் வைத்துவிட்டுத் தூங்கிப்போனாள். அவருக்கு மகள்மேல் பிரியம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். உயிரையே வைத்திருந்தார். கண்ணைத் திறந்திருந்த நேரத்தில்.

எண்பத்தொன்றாம் வருஷம் வைகாசியில் வசந்திக்குக் கல்யாணம் குதிர்ந்தது. மாப்பிள்ளை கணியம்பாடி. மாப்பிள்ளையின் அப்பா சிங்காரம், சம்பிரதாயத்தில் ஒரு நூல் பிசகக்கூடாது என்கிற மனிதர்.

"மேளம் யாருங்க சம்பந்தி?"

"மெட்ராஸ்லேர்ந்து வர்றாங்க."

"மெட்ராஸ் மேளமா!" என்று வாயைப் பிளந்த சிங்காரம், கணியம்பாடி முழுக்க அதைச் சொல்லிப் பூரித்துப்போனார். அருணகிரி பொய் சொன்னாரா? இல்லை. மெட்ராஸிலிருந்துதான் வந்தார்கள். ஓட்டலில் ஜாஸ் வாசிக்கிற கோஷ்டி, பெரம்பூர் டெரிக் என்கிற டிரம்ஸ்காரரின் தலைமையில், போளூர் பஸ்ஸில் மலையேறி வந்தது. பஸ் மேலே பலாப்பழக் கூடைகளுக்கு நடுவில் ஆளுயர வயலின் ஒன்று கயிறு கட்டிப் படுத்திருந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியெடுத்துக் களைத்த கலைஞர்களை அருணகிரி ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இறக்கினார். மாப்பிள்ளை வீட்டு ஜீப்பும் அப்போதுதான் வந்தது. அவர்களை இறக்கச் சகுந்தலா போனாள்.

மறுநாள் விடிகாலையில் முகூர்த்தம். பந்தலில் கோஷ்டி உட்கார்ந்திருந்ததைப் பார்த்த சிங்காரத்துக்கு முகம் மாறியது.

"இன்னா சம்பந்தி இது, நாயனம் வளைஞ்சி கெடக்குது?"

"அது பொறப்பே அப்பிடித்தான். சாக்ஸபோன்."

"அந்தாளு சுத்தி இவ்ளோ மேளத்த வெச்சிக்கினு நடுவுல உக்காந்துக்கீறாரு. மத்த மேளக்காரங்க இன்னும் வர்லியா?"

"எல்லாத்தையும் அவுரு ஒருத்தரே வாசிப்பாரு சம்பந்தி!"

சிங்காரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "எவனோ வாசிக்கட்டும். எனக்குக் கெட்டிமேளம் கொட்டணும். கெட்டிமேளம் இல்லாம எங்க வூட்ல தாலி ஏறாது. முகூர்த்தம் தப்புனா ஜீப்ப திருப்பிக்கினு போய்க்கினே இருப்போம். சொல்லிட்டேன்."

அருணகிரி டெரிக்கிடம் ஓடினார். ஐயர் விரலை ஆட்டியதும் மொத்த டிரம்ஸும் அதிர வேண்டும் என்று விளக்கினார். "டோன்ட் வொரி அங்கிள், கெட்டிமேளம் தானே, பொளந்துருவோம்" என்றார் டெரிக். அப்பாடா என்று அருணகிரி திரும்பி, தம் டேப்ரெக்கார்டரில் புதுக் கேசட் போட்டு டிரம்ஸுக்குப் பக்கத்தில் வைத்தார். அதற்குள் மகள் கூப்பிடுவதாக ஆள் வந்தது.

கூரைப்புடவையில் வசந்தி உட்கார்ந்திருந்தாள். "நைனா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீ இன்னா வேணா வாசிக்கச் சொல்லு. தாலி ஏறும்போது மட்டும் கண்ணத் தொறந்து என்னைப் பாரு. அவ்ளோதான்."

"இன்னாம்மா இது, இதுக்குப்போய் கேக்கணுமா?" என்று அருணகிரி மகள் தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்தார். மனசார.

கச்சேரி தொடங்கியது. கன்னிகாதானம் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. மாப்பிள்ளை வடிவேலு தாலியைக் கையில் வாங்கிக்கொண்டான். ஐயர் விரலை ஆட்டினார்: "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

டெரிக் குச்சியை ஓங்கினார். அதே நேரத்தில்தான் சாக்ஸபோன்காரர் கண்ணை மூடிக்கொண்டு எங்கேயோ உச்சிக்கு ஏறியிருந்தார். சோலோவின் நட்டநடு! ஜாஸில் ஒருவர் சோலோவை இன்னொருவர் வெட்டினால் அது கொலைபாதகம். அருணகிரி துடித்துப்போனார். மணவறையிலிருந்தபடியே டெரிக்கை நோக்கிக் கையை உயர்த்தினார்.

"இருப்பா! அவுரு எறங்கட்டும்!"

சாக்ஸபோன் இறங்குகிற மாதிரி தெரியவில்லை. ஐயர் விரலை ஆட்டினார், ஆட்டினார், விரல் வலித்துக் கையை மாற்றி ஆட்டினார். தாலியைப் பிடித்தபடி வடிவேலு விழித்தான். சகுந்தலா, "அய்யோ, இந்த ஆளு எங்குடிய கெடுக்கறாரே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். சிங்காரம் கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்தார், வேட்டியை மடித்துக் கட்டினார். "ஜீப்ப எடுங்கடா!"

மணப்பெண் தலைநிமிர்ந்தாள். ஒன்பது வருஷமாக இந்த சோலோக்களைக் கேட்டு வளர்ந்தவள். இது இப்போதைக்கு இறங்காது என்று அவளுக்குத் தெரியாதா? மாலையை ஒதுக்கிக்கொண்டு, பந்தல் அதிரக் கத்தினாள்:

"டெரிக் அண்ணே! நீ கொட்டு அண்ணே!"

டெரிக் கொட்டினார். ஏழு ஊருக்குக் கேட்டிருக்கும். தவிலும் ஒத்தும் கேட்டுப் பழகிய சனம் எழுந்து நின்றுவிட்டது. பின்வரிசையில் துரைக்கண்ணு கரடியைத் தேடுகிறவர்போலக் காட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சிங்காரம் வேட்டியை இறக்கிவிட்டார். அட்சதை பறந்தது. வடிவேலு முதல் முடிச்சைப் போட்டான். வசந்தி அப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அருணகிரி கண்ணை அகலத் திறந்துதான் வைத்திருந்தார். சத்தியமாகத் திறந்து வைத்திருந்தார். முதல் உருட்டலைத் தாங்கினார். இரண்டாவதையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினார். ஆனால் டெரிக் குச்சிகளைப் பித்தளைத் தட்டுக்கு மாற்றி, பொடிப்பொடியாக ஒரு தாளத்தைத் தூவினாரே, அது எந்த ரெக்கார்டிலும் இல்லாத தாளம். என்ன செய்வார் மனிதர்? இமை கீழே வந்துவிட்டது.

திறந்தபோது தாலி ஏறியிருந்தது.

"பாத்தியா நைனா?" என்று வசந்தி கேட்டாள்.

"கேட்டேம்மா!" என்றார் அருணகிரி, கண்ணில் நீர் வழிய. "இன்னா சோலோ! இன்னா சோலோ!"

வசந்தி சிரித்தாள். அழுதிருக்கலாம், ஆனால் ஓமப் புகை அதிகம், எதற்கு அழுதாள் என்று யார் கண்டது?

அந்தக் கேசட் மண்டியில் ஓடாத நாள் இல்லை. ஆரம்பத்தில், வருகிறவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார்: "இந்த எடத்துல நம்ம பொண்ணு கூப்புடற சத்தம் ஒண்ணு குறுக்கால வருது, கண்டுக்காதீங்க." மாதம் போகப் போக, மகள் இல்லாத வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. கோப்பை வைத்த கல்லாப்பெட்டி, தாவணி காயாத கொடி, யாரும் சண்டை போடாத ரேடியோ. மனிதர் ஏங்கிப்போனார். ஒருநாள் துரைக்கண்ணுவின் முழங்கையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர், "இப்போ வருது பாரு... இதோ... எம் பொண்ணு!" என்று கூவினார். அதற்குப் பிறகு டெரிக்கின் சோலோவையே அவர் போடுவதில்லை. 'டெரிக் அண்ணே' என்று குரல் வரும், கேட்பார், நிறுத்துவார், பின்னால் ஓட்டுவார், மறுபடி கேட்பார்.

பொங்கலுக்கு வசந்தி வந்தாள். அம்மாவிடம்கூடச் சொல்லாமல் பொத்திவைத்த ஒரு சேதியை முதலில் அப்பாவுக்குச் சொல்லவேண்டும் என்று மண்டிக்குள் போய் அவர் எதிரில் உட்கார்ந்தாள். கேசட் ஓடிக்கொண்டிருந்தது.

"நைனா, ஒரு சேதி..."

"உஷ்! இரும்மா. இப்போ நீ வரப்போறே."

"நான் வந்துட்டேனே நைனா. எதுருலதான உக்காந்துக்கீறேன்."

"அது தெரியும்மா. நீ கேளு. எவ்ளோ நல்லா வந்துக்கீது தெரியுமா, நேர்லகூட இந்தத் தெளிவு கெடையாது." கண் மூடிக்கொண்டது.

வசந்தி கொஞ்சநேரம் அந்த மூடிய கண்களைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நைனா, நீ தாத்தா ஆவப்போற."

சரியாக அப்போது கேசட்டில் குரல் வந்தது. அருணகிரியின் கன்னத்தில் நீர் இறங்கியது.

"ஆஹா!" என்றார்.

வாசற்படியில் காபியோடு நின்ற சகுந்தலா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மகளைக் கட்டிக்கொண்டாள். "எதுக்குடி ஆஹான்னாரு? உனக்கா, பொட்டிக்கா?"

"தெர்லம்மா" என்றாள் வசந்தி.

நமக்கும் தெரியவில்லை. சரி, மண்டிக்காரரைப் பார்த்துச் சிரித்தாகிவிட்டதல்லவா, நீங்கள் கிளம்பலாம். போகும்போது ஒன்று மட்டும். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது உங்கள் வீட்டில் யாரோ உங்களிடம் ஏதோ சொன்னார்கள். நீங்களும் தலையைத் தூக்காமல் 'ம்' என்றீர்கள். எதற்கு 'ம்' சொன்னீர்கள் என்று போய்க் கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.