சீலைச்சட்டை

பாலக்கோடு தக்காளி மண்டியில் விலை கேட்காமல் நிறம் பார்த்துத் தக்காளி வாங்கிய மனிதர், எனக்குத் தெரிந்து, இந்த உலகத்தில் ஒருவர்தான். அதுவும் ஒரே ஒரு தக்காளி. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாரச்சந்தைக்குப் போவார். அங்கே தரையில் குவித்திருக்கும் பழைய துணிக்குள் முழங்கை வரை கைவிட்டு, அகப்பட்ட சீலையை வெளியே இழுத்து, தக்காளியை அதன்மேல் வைத்துப் பார்ப்பார். பொருந்தினால் வாங்குவார். அடுத்த வாரம் அது அவர் உடம்பில் சட்டையாக இருக்கும். உடல் முழுக்கச் சிவப்பு, காலர் மட்டும் காம்புப் பச்சை.

அவருக்குச் 'சீலைச்சட்டை' என்று பெயர் வைத்தவன் நான்தான். கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். காலையில் பள்ளி மைதானத்தில் நடக்கும் ஓய்வூதியர்களுக்கு யாரும் தேர்ந்தெடுக்காத தலைவன். நாங்கள் எல்லோரும் வெள்ளைச் சட்டை. தூரத்திலிருந்து பார்த்தால் ஏரிக்கரைக் கொக்குகள் நகர்வது போலிருக்கும். அந்தக் கொக்குகளுக்குள் இவர் வந்து சேர்ந்ததும் மைதானத்துக்கு வெளியே டீ குடிப்பவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

அவர் நில அளவைத் துறையில் இருந்தவர், தனிக்கட்டை. வீட்டில் ஒரு கட்டில், ஒரு தையல் மெஷின், கூரை வரைக்கும் துணி. சந்தையிலும், பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் வியாபாரியிடமும் வாங்கிச் சேர்த்தவை. ஒவ்வொரு சட்டைக்கும் ஒரு பெயர் உண்டு. 'கிளிமூக்கு' என்ற சட்டை அந்த ரக மாங்காயின் பச்சை. வலது தோளில் மட்டும் செம்மண் நிறத்தில் ஒரு ஒட்டு.

"ஏங்க, அந்தத் தோளு மட்டும் ஏன் செவப்பு?" என்று வங்கியில் மேலாளராக இருந்த நண்பர் கேட்டார்.

"மாங்காய்ல வெயில் படற பக்கந்தானுங்க செவக்கும். ரெண்டு பக்கமும் செவந்தா அது மாங்கா இல்லீங்க, பொய்யி."

பொத்தான்களை விதவிதமான பழைய சட்டைகளிலிருந்து பிய்த்துத் தைத்திருப்பார். ஒன்று போலீஸ் காக்கி, ஒன்று பள்ளிக்கூடச் சீருடை, ஒன்று யாரோ மாப்பிள்ளையின் கோட்டு. "எல்லாம் ஒரே ஊருல பொறந்திருக்கணுமாங்க?" என்பார்.

ஒரு நாள் நடந்துகொண்டிருக்கும்போதே அவர் மார்பில் சிவப்பாக ஏதோ பரவியது. வங்கி நண்பர் பதறி அவரைக் கீழே உட்கார வைத்தார். ஒருவர் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுவிட்டார். நம்மவர் நிதானமாகப் பைக்குள் கைவிட்டு, நசுங்கிய தக்காளியை எடுத்துக் காட்டினார். "நாட்டுத் தக்காளிங்க. ஹைபிரிட்டா இருந்தா இப்படி ஒடையாது."

குழுவாகப் புகைப்படம் எடுக்க ஏற்பாடு செய்தபோது, கட்டாயம் வெள்ளைதான் என்று அறிவித்தேன். அவரைத் தவிர வேறு யாருக்கும் அந்த அறிவிப்பு தேவைப்படவில்லை. சொன்னபடி வெள்ளையில்தான் வந்தார். வெள்ளைச் சீலை, அதன் சிவப்புக் கரை கழுத்திலிருந்து இடுப்பு வரை நடுவில் இறங்கியது. அந்தப் படத்தில் இன்றைக்கும் முதலில் கண்ணில் படுபவர் அவர்தான். எங்களையெல்லாம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

மகளின் பிரசவத்துக்காக என் மனைவி கமலா பெங்களூரு போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும். தெருவில், "பழைய துணிக்குப் பாத்திரம்" என்று ஒலிபெருக்கி வைத்த மொபெட் வந்தது. குளியலறைக்கு மூடி போட்ட டிரம் ஒன்று வேண்டும் என்று கமலா எப்போதோ சொல்லியிருந்தாள். வந்ததும் அசந்து போகட்டும் என்று பீரோவைத் திறந்தேன். அடித்தட்டில், பழைய துண்டில் கட்டி, அந்துருண்டை போட்டு ஒரு மூட்டை. நான் பார்த்து அவள் அதைப் பிரித்ததே இல்லை. அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டு டிரம்மை உள்ளே உருட்டி வந்தேன். படிக்காத புத்தகத்தை எடைக்குப் போடக் கூடாது என்பது எனக்குத் தெரியும். உடுத்தாத சீலைக்கும் அப்படி ஒரு நியாயம் இருக்கலாம் என்று தோன்றவில்லை.

கமலா திரும்பி வந்த மறுநாள் காலை, நடைக்குப் போகும் வழியில் சீலைச்சட்டை எங்கள் வாசலில் நின்று குரல் கொடுத்தார். கதவைத் திறந்தவள் கமலா. அவர் மேலே மயில் கழுத்து நிறத்தில் புத்தம் புதுச் சட்டை, கை விளிம்பில் மாம்பழ மஞ்சள் கரை.

"அண்ணா, இந்தத் துணி ஏதுங்க?"

கேட்காமலே விளக்கம் சொல்லும் மனிதரிடம் கேட்டுவிட்டாள். "பாத்திரக்காரரு கொண்டாந்தாருங்க தங்கச்சி. கட்டவே இல்ல போல, மடிப்பு கலையல. இதைப் போயி யாரு போட்டாங்களோ, கண்ணு தெரியாத ஆளுங்க."

கண் தெரியாத ஆளாகிய நான் கமலாவின் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

கமலா உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்கக்கா எடுத்துக் குடுத்தது," என்றாள்.

அவள் அக்கா இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கம்பைநல்லூரில் இருந்தார். கடைக்குப் போனால் இருவரும் நிறத்துக்காகச் சண்டை போட்டு, பேசாமல் தனித்தனி பஸ்ஸில் ஊர் திரும்புவார்கள். இந்தச் சீலைக்கு நடந்த சண்டையில் அக்கா ஜெயித்தார். கமலா வீம்புக்காகக் கட்டாமலே வைத்திருந்தாள். அக்கா போன பிறகு கட்ட மனம் வரவில்லை.

நான் அந்த நேரத்தில் செய்யக்கூடிய மிகக் கேவலமான காரியத்தைச் செய்தேன். சீலைச்சட்டையைப் பார்த்துக் கத்தினேன். "பொம்பளைங்க சீலையை வெட்டி ஆம்பளை போட்டுக்கிட்டுத் திரியறது ஒரு பொழப்பாய்யா? வெக்கமா இல்ல?"

அவர் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். சட்டையை வாசல் திண்டின் மேல் வைத்து, கடைக்காரர் மடிப்பது போல மடித்து, கமலா முன்னால் நீட்டினார். "தெரியாதுங்க தங்கச்சி." பனியனோடு தெரு முழுவதும் நடந்து வீட்டுக்குப் போனார். பால் வாங்க நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

கமலா என்னைத் திட்டியிருக்கலாம். "டிரம்மு நல்லா இருக்குங்க," என்று மட்டும் சொன்னாள். அன்று முழுவதும் அவள் என்னிடம் பேசிய பேச்சு அவ்வளவுதான். அவ்வளவு பெரிய டிரம்மை வீட்டில் எங்கே ஒளித்து வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் அவரே வந்தார். கையில் ஒரு பை. என்னைத் தாண்டி நேராகக் கமலாவிடம் போனார்.

"தங்கச்சி, சட்டைக்குப் பாதிகூட ஆகலீங்க. அந்தப் பாதிதான் பட்டா மாறிடுச்சு. மீதி உங்க பேர்லதான் இருக்கு. முந்தானையில நான் கத்திரியே வைக்கல. மூட்டையில இருந்த மத்த சீலைங்களும் இருக்கு, எண்ணிப் பாத்துக்குங்க."

கமலா துணியை மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் தடவினாள். "கட்டறதுக்கு எட்டாதே," என்றாள்.

"எட்டாதுங்க. ஆனா வேற ஏதாச்சும் ஆவும். முந்தானையில இப்ப பொறந்த பேத்திக்கு ஒரு கவுன் வரும். அதுக்கப்புறமும் ஒரு துண்டு மிஞ்சுமுங்க. என்ன பண்ணலாம்?"

கமலா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"இவருக்கு ஒரு சட்டை. நானே தைக்கிறேன், நீங்க வெட்ட மட்டும் சொல்லிக் குடுங்க."

பிறகு உள்ளே போய், அவர் கழற்றிக் கொடுத்த சட்டையைக் கொண்டுவந்து அவரிடமே கொடுத்தாள். "நீங்க போடுங்கண்ணா. எங்கக்கா எடுத்த கலரு. மூட்டையில கெடந்ததுக்கு, நாலு பேரு பாக்கட்டும்."

ஒரு வாரம் எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் வழக்கு நடந்தது. காலர் அகலத்துக்கு ஒரு சண்டை. பொத்தானுக்கு இரண்டு சண்டை. "மஞ்சப் பொத்தானு கூடாதுங்க தங்கச்சி, சாமந்தித் தோட்டமாயிரும்." "ஆவட்டுமே, போடறவரு நானா நீங்களா?" போட வேண்டியவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு கை கொஞ்சம் நீளமாக வந்தது. கமலா அதைச் சரிசெய்ய மறுத்துவிட்டாள்.

அதை அணிந்து மைதானத்துக்குப் போனேன். அவரும் அதே நிறத்தில் வந்தார். ஒரே சீலைக்குள் இரண்டு கிழவர்கள். வங்கி நண்பர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என்னாங்க சார், பேண்டு வாத்தியக் கோஷ்டி கட்டிட்டீங்களா?"

சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். "என் வூட்டுக்காரம்மா சீலைங்க. அவங்களக் கேக்காம பாத்திரக்காரருக்குப் போட்டவன் நான். பழியை இவரு மேல போட்டுத் தெருவுல கத்துனதும் நான். தப்பு என்னுதுங்க." வகுப்பறையில் வாழ்நாள் முழுக்கப் பேசியிருக்கிறேன். இத்தனை சின்னப் பேச்சுக்கு இவ்வளவு மூச்சு வாங்கியதில்லை.

சீலைச்சட்டை நடையை நிறுத்தவே இல்லை. "கத்துனீங்களாங்க? பொத்தான் கழட்டற மும்முரத்துல காதுல விழலீங்க சார்," என்றார். கொஞ்ச தூரம் போனதும் என் தோளைத் தொட்டுத் தையலை இழுத்துப் பார்த்தார். "கைய நீளமா வச்சது தங்கச்சி வேணும்னே பண்ணதுங்க. நான் அப்பவே சொன்னேன்."

அடுத்த மாதம் வங்கி நண்பரும், தன் மனைவியைக் கேட்டுக்கொண்டு, ஒரு பழைய சீலையைப் பையில் வைத்து எடுத்துவந்தார். சாம்பல் நிறம்தான். முதல் தடவை என்பதால் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தை முடிந்ததும் அவர் எங்கள் வீட்டுக்கு வருகிறார். பேத்திக்கு ஆறு கவுன் தைத்தாகிவிட்டது. கமலாவும் அவரும் துணிகளை விரித்துப் போட்டுச் சத்தமாகச் சண்டை போடுகிறார்கள். அக்கா போன பிறகு கமலா யாரோடும் அப்படிச் சண்டை போட்டதில்லை. அவர் வரக் கொஞ்சம் தாமதமானால் நான் வாசலுக்குப் போய் நின்றுகொள்கிறேன். தெருமுனையில் ஏதாவது நிறம் தெரிந்தால்தான் உள்ளே வந்து காப்பிக்குப் பால் வைக்கிறேன்.