அடக்கமான பிள்ளைக்கு இரண்டு கடிதங்கள்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்காகச் சாட்சி சொன்ன இரண்டு பேரையும் பொய்யர்கள் என்று வாதாடி நிரூபித்தவள் நான். அதுவும் சட்டம் படிக்கும் முன்பே. வெட்கமாகத்தான் இருந்தது. வருத்தம் மட்டும் இன்றுவரை வரவில்லை.

அந்தத் தனியார் சட்டக் கல்லூரி மதிப்பெண்ணோடு சொந்தக் கட்டுரை ஒன்றும், நம்மை நன்கு அறிந்த இருவர் உறையிட்டு ஒட்டித் தரும் பரிந்துரைக் கடிதங்களும் கேட்டது. கட்டுரையில், அநியாயத்தைக் கண்டால் பொங்கிவிடுவேன் என்று நான்கு பக்கம் பொங்கியிருந்தேன். கடிதப் பொறுப்பை வாப்பா எடுத்துக்கொண்டார். (அங்கேதான் கெட்டது.)

"இந்த ஒரு தடவதான் மக்களே. சீட்டு கிடைக்கல்லைன்னா குவைத் மாப்பிள வீட்டுக்குச் சரின்னு சொல்லிருவேன்."

வாப்பா கடிதம் கேட்டது பள்ளிவாசல் ஜமாஅத் செயலாளர் காசிம் மாமாவிடமும், கோட்டாறில் எங்கள் கடைக்கு அடுத்த பாத்திரக்கடை செல்லப்பன் அண்ணாச்சியிடமும். ஒரு பெண்ணைப் பற்றி அவர்களிடம் யாராவது விசாரித்தால் அது கல்யாணத்துக்காகத்தான் இருக்கும். பழகிய கை பழகியதையே எழுதிவிட்டது.

நேர்முகத் தேர்வில் நடுவில் இருந்த அம்மையார் முதல் உறையைப் பிரித்துச் சத்தமாக வாசித்தார். "பிள்ளை நல்ல நிறம். பெரியவர்களை எதிர்த்து ஒரு சொல் பேசியதில்லை." காசிம் மாமா! இரண்டாவது அண்ணாச்சியுடையது. "அடக்கமான பிள்ளை. மீன்கறி நன்றாக வைக்கும்."

"கட்டுரையில பொங்குறீங்க, கடிதத்துல அடங்கி இருக்கீங்க. எதும்மா பொய்?"

புத்தியுள்ள பெண் சிரித்துச் சமாளித்திருப்பாள். எனக்குத் தலைக்கேறிவிட்டது. "ரெண்டு லெட்டரும் பொய் மேடம்."

"ஆதாரம்?"

கொடுத்தேன். பெண்கள் மதரஸா இருக்கும் சந்துக்கு மட்டும் விளக்குப் போடாத காசிம் மாமா வீட்டு வாசலில் நான்கு வெள்ளிக்கிழமை நின்று கத்தியதைச் சொன்னேன். கடையில் வேலை செய்யும் பெண்களை நாள் முழுக்க நிற்கவைத்த அண்ணாச்சியிடம் சண்டை போட்டு ஸ்டூல் வாங்கவைத்ததைச் சொன்னேன். "அப்புறம், என் மீன்கறிய அண்ணாச்சி தின்னதே இல்ல. தின்னிருந்தா எழுதியிருக்க மாட்டாரு."

வெற்றியோடு திரும்பினேன். கதவு திறந்து கிடந்தது. வெளியே பெஞ்சில் வாப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், எங்களைத் தன் காரில் அழைத்துவந்த காசிம் மாமா.

திரும்பும் வழியில் கார் ஆரல்வாய்மொழியைத் தாண்டியது. பிறகு மாமா கேட்டார். "ஏட்டி, லைட்டு விசயத்த அங்க போயா சொல்லணும்?"

"பொய்யா மாமா?"

ரோட்டைப் பார்த்தபடியே, "பொய்யில்ல" என்றார்.

சீட்டு கிடைக்கவில்லை. வாப்பா குவைத்துக்குப் பேசத் தினமும் போனை எடுத்தார். பொய்ச் சாட்சியோடு நடந்த விசாரணை செல்லாது, ஆகவே அந்தத் தடவை கணக்கில் வராது என்று மூன்று நாள் வாதாடினேன். நான்காம் நாள் காசிம் மாமாவே வேறொரு கல்லூரிக்குப் புதிய கடிதத்தோடு வந்தார். இந்தமுறை உறையை ஒட்டவில்லை. "இவள் என் நான்கு வெள்ளிக்கிழமைகளைக் கெடுத்தவள். கேட்டது அத்தனையும் நியாயம். சேர்த்துக்கொள்ளவும்." வாப்பா இரண்டு முறை படித்துவிட்டுப் போனைக் கீழே வைத்தார்.

சேர்த்துக்கொண்டார்கள்.

இப்போதும் எங்கள் வீட்டில் யாருக்காவது சம்பந்தம் வந்து, உம்மா "நல்ல அடக்கமான பிள்ளை" என்று ஆரம்பித்தால் போதும், வாப்பா பதறிவிடுவார். "அத மட்டும் எழுதிக் குடுத்திராத, வக்கீலாயிருவா!"

உம்மா கேட்பதில்லை. எங்கள் குடும்பத்தில் இப்போது மூன்று பெண் வக்கீல்கள்.