சந்தேகம் வந்தால் நிற்கும் கார்

அன்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளைக்கு,

உங்கள் மூத்த மைத்துனன் எழுதிக்கொள்வது. இங்கே எனக்கு முழங்கால் வலி தவிர வேறு குறையில்லை. உங்கள் அக்காவுக்கு, அதாவது என் மனைவிக்கு, என்னைத் தவிர வேறு குறையில்லை. அங்கே உங்கள் உடம்பும் ஒர்க்‌ஷாப்பும் நல்லபடியாக இருக்க வேண்டும். கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். பதினொரு மாதமாகப் போனில் பேசத்தான் செய்கிறோம். "சாப்பிட்டீங்களா மச்சான்?" என்கிறீர்கள். "ஆச்சு மாப்பிள்ளை" என்கிறேன். பிறகு இரண்டு பேரும் தொண்டையைச் செருமிக்கொண்டு வைத்துவிடுகிறோம். போனில் சொல்ல வாய் வராத விஷயம் ஒன்று இருக்கிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

முதலில், நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் என்பதை எழுத்தில் தருகிறேன், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். டிவியும் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் செய்கிற கம்பெனியால் கார் செய்ய முடியுமா என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நாலு வருஷம் சண்டை போட்டோமே, அந்தச் சண்டையைத்தான் சொல்கிறேன். "டிவி செய்யறவன் கார் செஞ்சா, ரிமோட்டத் தேடித் தேடியே பெட்ரோல் தீந்துடும் மச்சான்" என்பீர்கள். "இதுல பெட்ரோலே கிடையாது மாப்பிள்ளை" என்பேன். "அப்ப ஆற அமரத் தேடலாம்னு சொல்லுங்க" என்பீர்கள். நான் விடுவேனா? மின்சாரக் காரில் இருப்பது ஒரு பேட்டரி, ஒரு மோட்டார், ஒரு போர்டு, வாஷிங் மெஷினிலும் மோட்டாரும் போர்டும்தான், நடுவில் தண்ணீர் ஒன்றுதான் வித்தியாசம், முப்பத்தோரு வருஷம் அந்தக் கம்பெனி சர்வீஸில் இருந்தவனுக்கு அது கூடத் தெரியாதா என்று குதிப்பேன். என் தங்கை, உங்கள் வீட்டுக்காரி, கரண்டியால் மேஜையைத் தட்டுவாள். "ரெண்டு பேரும் வாய மூடிட்டுச் சாப்பிடுங்க, எல்லாம் ஆறிப்போகுது." உடனே மூடிக்கொள்வோம். உலகத்தில் நாம் இரண்டு பேரும் ஒன்றாகப் பயந்தது அவள் ஒருத்திக்குத்தான்.

நான் வாங்கிய அந்தக் கம்பெனி வண்டி வந்த முதல் வாரத்திலேயே எனக்கு உள்ளூர ஒரு உறுத்தல், உங்களிடம் மூச்சு விடவில்லை. வீடு வந்து சேர்ந்ததும் அது ஒரு பாட்டு வாசிக்கும், துணி துவைத்து முடித்ததும் எங்கள் வாஷிங் மெஷின் வாசிக்கிற அதே பாட்டு, அதைக் கேட்டு உங்கள் அக்கா இரண்டு தடவை வாளியோடு ஓடிப்போய்க் காலி மெஷினைத் திறந்து பார்த்துவிட்டு, வாசலுக்கு வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள், சாவி அச்சு அசல் டிவி ரிமோட் மாதிரி இருப்பதால், ஒரு நாள் நான் சட்டைப்பையில் ரிமோட்டைப் போட்டுக்கொண்டு வந்து வாசலில் காரைத் திறக்கப் போராட, உள்ளே அவள் கார் சாவியை வைத்துச் சேனல் மாற்றப் போராடிக்கொண்டிருந்தாள், ஒரு நாள் நேர் சாலையில் சிவனே என்று போய்க்கொண்டிருக்கும்போது "தாங்கள் இன்னும் பயணம் செய்கிறீர்களா?" என்று கேட்டது, "பின்ன என்ன, படுத்துத் தூங்கறேனா?" என்று கத்தினேன், அந்தப் பதில் அதற்குப் புரியாமல் திரையை அணைத்துக்கொண்டது, பழைய டிவிக்குக் கொடுக்கிற மாதிரி தலையில் ஒரு தட்டுக் கொடுத்ததும் விழித்துக்கொண்டது, பல் டாக்டரிடம் போக வேண்டிய காலையில், தன்னைப் புதுப்பித்துக்கொள்ள நாற்பது நிமிஷம் வேண்டும் என்று அது சொல்லிவிட, உங்கள் அக்கா வீங்கின கன்னத்தோடு பஸ்ஸில் போனாள், வாயைத் திறக்க முடியாமலேயே திட்டிக்கொண்டு போனாள். "இது காரா? சக்கரம் வச்ச வாஷிங் மெஷின்" என்று அவள் பெயர் வைத்தது அன்றைக்குத்தான். நீங்கள் ஒரு தடவை முன்பக்க மூடியைத் திறந்து, என்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் பை வைக்கிற பள்ளம்தான் இருப்பதைப் பார்த்துவிட்டு, காதைக் கொடுத்துக் கேட்க ஒன்றும் இல்லாமல், பொணம் பார்க்க வந்தவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்களே, அதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. பிறகு சிரிப்பு நின்றுவிடுகிறது.

அந்த வண்டியை மனதார விரும்பியவள் என் தங்கை ஒருத்தியே. உங்கள் வண்டியில் ஏறினால் நீங்கள் கேட்பது என்ஜினை, அவள் கேட்பதும் அதைத்தான், வேறு வழியில்லை. "அண்ணன் வண்டியில சத்தமே இல்லங்க, நான் முணுமுணுக்கற பாட்டு எனக்கே கேக்குது" என்று உங்களிடம் சொன்னாளே, அப்போது நான் என்னமோ நானே அந்த வண்டியைச் செய்த மாதிரி மீசையைத் தடவிக்கொண்டேன்.

ஒரு வகையில் நானேதான் செய்தேன் மாப்பிள்ளை. இதைத்தான் சொல்ல வந்தேன், இத்தனை நேரம் சுற்றி வளைத்தேன். கார் செய்யத் தொடங்கும் முன் கம்பெனி எங்களைப் போன்ற பழைய சர்வீஸ்காரர்கள் ஐந்து பேரைக் கூப்பிட்டு, உங்கள் அனுபவத்தில் ஒரே ஒரு பாடம் சொல்லுங்கள் என்று கேட்டது. கதவு சரியாக மூடாத வாஷிங் மெஷின் நிற்காமல் ஓடி, எத்தனை வீடுகளில் கணுக்கால் அளவு தண்ணீரில் நின்று வேலை பார்த்திருக்கிறேன்! எழுந்து நின்று சொன்னேன்: "சந்தேகம் வந்தா மெஷின் நின்னுடணும். நின்ன மெஷினால எந்த வீட்டுக்கும் கெடுதல் வந்ததில்ல." கைதட்டினார்கள். அதை அப்படியே காரில் விதியாகப் போட்டார்கள். என் கூடத்தில் மாட்டியிருக்கிற சுவர்க் கடிகாரம் எதற்குக் கிடைத்தது என்று நீங்கள் கேட்டபோது "ஒரு யோசனைக்கு" என்று மட்டும் சொன்னேன். அந்த யோசனை இதுதான். அந்தக் கடிகாரம் இன்றுவரை ஒரு நிமிஷம் கூட நின்றதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த தங்கை நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். நீங்கள் எங்கோ ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தீர்கள், போனை எடுக்கவில்லை. உங்கள் அக்காவும் வீட்டில் இல்லை. பின் சீட்டில் படுக்க வைத்துக் கிளம்பினேன். பாலத்தின் ஏற்றத்தில் வண்டி பேசியது: "பின்பக்க இடது கதவு சரியாக மூடப்படவில்லை என்று தோன்றுகிறது. தங்கள் பாதுகாப்பு கருதி வாகனம் நிறுத்தப்படுகிறது. நன்றி." நின்றுவிட்டது. இறங்கி அந்தக் கதவை ஏழு தடவை திறந்து மூடினேன். கதவு கச்சிதமாக மூடித்தான் இருந்தது. அதற்கு மட்டும் திரும்பத் திரும்பத் தோன்றிக்கொண்டே இருந்தது.

அப்புறம் நான் செய்ததைக் கேளுங்கள். முப்பத்தோரு வருஷமாக ஊருக்கெல்லாம் போனில் சொல்லிக் கொடுத்ததை நானே செய்தேன். ஸ்விட்சை அணைத்தேன். பத்து நிமிஷம் காத்திருந்தேன். போகிற வண்டியை மறிக்கவில்லை, அவளைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. பத்து நிமிஷம் போனால் எல்லாம் சரியாகும் என்று முழு மனதாக நம்பி, முன் சீட்டில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து மெல்லக் கேட்டாள்: "அண்ணா, பத்து நிமிஷம் ஆச்சா?" இல்லடா, இன்னும் நாலு இருக்கு என்றேன். அவளிடம் நான் சொன்ன பதில் அது.

பத்து நிமிஷம் ஆகியும் வண்டி அசையவில்லை, பிறகு ஒரு பால் வண்டிக்காரர் தானாகவே நிறுத்தி ஏற்றிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் போய்விட்டாள். முன்னாடியே வந்திருந்தாலும் இதேதான் என்று டாக்டர் சொன்னார். அவர் நல்லவர், அப்படித்தான் சொல்வார். "ஏன் மச்சான் லேட்டு?" என்று நீங்கள் உள்ளே அவளைப் பார்த்துவிட்டு வந்து ஆஸ்பத்திரி வாசலில் கேட்டபோது, "பாலத்துல நெரிசல் மாப்பிள்ளை" என்றேன். நீங்கள் "ஆமா, அந்தப் பாலம் எப்பவுமே அப்படித்தான்" என்றீர்கள். பாலம் அன்றைக்குக் காலியாக இருந்தது.

ஆகவே எங்கள் கம்பெனிக்குக் கார் செய்ய வராது. எங்கள் தொழிலில் சந்தேகம் வந்தால் நிறுத்துவோம். உங்கள் தொழிலில் எப்படியாவது வீடு கொண்டுபோய்ச் சேர்ப்பீர்கள். இந்த ஒன்று தெரியாமல் நாலு வருஷம் வாயடித்தேன். நாளைக்கு ஏதோ இலவசப் பழுதுபார்ப்பு என்று கம்பெனி ஆள் வருகிறார். வண்டியையே எடுத்துக்கொண்டு போய் உடைத்துப் போடுங்கள் என்று சொல்லிவிடப் போகிறேன். இதைப் படித்த பிறகு இந்த வீட்டு வாசலை நீங்கள் மிதிக்க வேண்டாம், போனும் செய்ய வேண்டாம். நியாயம்தான், நான் வருத்தப்பட மாட்டேன். பொய் எழுதுகிறேன், வருத்தப்படுவேன்.

கையில் அடி படாமல் வேலை பாருங்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள், கரண்டியால் தட்ட ஆள் இல்லை என்று இருந்துவிடாதீர்கள். எங்கிருந்தாலும் நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் மச்சான்.

பின்குறிப்பு: மேலே எழுதியது நேற்று. இன்று காலை கம்பெனியிலிருந்து வந்தது ஒரு சின்னப் பெண், என்ஜினியராம். "நிக்கற விதிய எடுத்துட்டோம் ஐயா. இனிமே சந்தேகம் வந்தா சொல்லும், ஆனா நிக்காது, மெதுவா கொண்டுபோய்ச் சேத்துடும்" என்றாள். யார் கண்டுபிடித்தது என்றேன். "ஒரு மெக்கானிக் எழுதினாரு ஐயா, பன்னெண்டு பக்கம், கிரீஸ் கறையோட. எங்க செக்‌ஷன் சுவத்துல ஒட்டி வச்சிருக்கோம்" என்று போனில் படத்தைக் காட்டினாள். கையெழுத்தைப் பார்த்தேன், உங்களுடையது. கடைசிப் பக்கத்தை அப்படியே எழுதுகிறேன், நீங்கள் மறந்திருந்தால் நினைவு வரட்டும்: "துவைக்கிற மெஷினுக்குள்ள இருக்கறது துணி, அது நிக்கலாம். வண்டிக்குள்ள இருக்கறது ஆள். விதிய யார் சொல்லியிருந்தாலும் நல்ல மனசோடதான் சொல்லியிருப்பாங்க. ஓட்டினவர் மேலயும் தப்பு இல்ல, நீங்க சொல்லிக் கொடுத்ததத்தான் செஞ்சாரு. என் வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில எல்லாத்தையும் சொன்னா. கேட்டா அண்ணன் நெரிசல்னுதான் சொல்லும், நீங்க ஆமான்னு சொல்லிடுங்கன்னா. சொல்லிட்டேன். அவர் பேர இதுல இழுக்காதீங்க. மத்தபடி கத்துக்கிட்டா உங்க கம்பெனியால நல்ல கார் செய்ய முடியும். எங்க மச்சான் எப்பவும் சொல்லுவாரு, அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

வண்டியை உடைக்கக் கொடுக்கவில்லை. இந்தக் கடிதத்தைத் தபாலிலும் போடவில்லை, நானே எடுத்துக்கொண்டு அந்த வண்டியில் கிளம்புகிறேன், அந்தப் பாலத்து வழியாக. பகலில் வந்துவிடுவேன். வாசலில் வந்து நின்றாலும் உங்களுக்குச் சத்தம் கேட்காது மாப்பிள்ளை, அதனால் கதவைத் திறந்து வைக்கச் சொல்லி இப்போது போன் செய்கிறேன்.