தாலியோடு நின்ற லிஃப்ட்

எனக்கு இங்கிலீஷ் பேச வராது என்பது நாற்பத்தெட்டு வயது வரைக்கும் எனக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். குடும்பத்தைப் பொறுத்தவரை நான் பெரிய இங்கிலீஷ்காரன். டைப்ரைட்டிங்கில் இங்கிலீஷ் ஹையர் பாஸ் செய்தவன். காஞ்சிபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் இருபது வருஷமாகக் கடிதம் தயாரிப்பவன். என் விரலுக்கு இங்கிலீஷ் தெரியும். வாய்க்குத் தெரியாது. (இரண்டும் ஒரே உடம்பில்தானே இருக்கிறது என்று அக்கா நினைத்துக்கொண்டாள். அவளைத் திருத்த நான் அவசரப்படவில்லை.)

அக்கா மகன் கார்த்திக்குக் கல்யாணம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கொரியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அவனுடைய மேலதிகாரி ஹான் என்பவர் வருகிறார் என்று தெரிந்ததும் அக்கா உத்தரவு போட்டாள்.

"ஏகா, அவர நீதான் பாத்துக்கணும். நம்ம வூட்ல இங்கிலீஷ் பேசறவன் நீ ஒருத்தன்தான்."

"அதுக்கென்னக்கா" என்றேன். அந்த நிமிஷத்திலிருந்தே தப்பிக்க வழி தேட ஆரம்பித்தேன்.

ஒரு திட்டம் போட்டேன். தாலியை அம்மன் காலடியில் வைத்து எடுத்துவரும் வேலையை, தாய்மாமன் என்ற உரிமையில் வலியப் போய் வாங்கிக்கொண்டேன். கோயிலில் கூட்டம் இருக்கும், லேட்டாகும், அதற்குள் வேறு யாராவது ஹானை வரவேற்று உட்காரவைத்திருப்பார்கள்.

அன்றைக்குப் பார்த்துக் கோயிலில் ஈ காக்கா இல்லை. தாம்பாளத்தில் தேங்காய், அதன்மேல் தாலி, சுற்றிலும் மஞ்சள் அரிசி என்று மண்டப வாசலில் ஆட்டோவை விட்டு இறங்குகிறேன், எதிரே ஒரு கார். பட்டு வேட்டியை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு ஹான் இறங்குகிறார்.

கல்யாணம் மூன்றாவது மாடியில். எட்டரைக்குள் தாலி கட்டியாக வேண்டும். மணி எட்டு பத்து.

லிஃப்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஒரு நிமிஷம்தானே, சிரித்தே ஒப்பேற்றிவிடலாம் என்று பல்லைக் காட்டினேன். அவரும் காட்டினார். இரண்டாவது மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றது. விளக்கும் போயிற்று.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் வந்த பயம் லிஃப்ட் அறுந்து விழுமோ என்பதல்ல. முகூர்த்தம் தவறுமோ என்பதுகூட அல்ல. ‘ஐயோ, இப்ப இவர்கிட்ட பேசணுமே!’

கதவைத் தட்டினேன். மேலே மேளம் வாசித்த வாசிப்பில் எனக்கே கேட்கவில்லை. என் செல்போன் மனைவியின் பையில். ஹானின் போனில் சிக்னல் இல்லை. சுவரில் ஒரு சிவப்புப் பட்டன் மட்டும் மினுங்கியது. தாம்பாளத்தை ஹான் கையில் கொடுத்துவிட்டு அதை அழுத்தினேன். எங்கோ வடக்கே இருந்து லிஃப்ட் கம்பெனிப் பெண் ஒருத்தி ஹிந்தியில் பேசினாள். நான் விழித்த விழிப்பு அவளுக்கே தெரிந்துவிட்டது போல. "இங்கிலீஷ், சார்?" என்றாள்.

வாயைத் திறந்தேன். அலுவலகக் கடிதம் வந்தது.

"ரெஸ்பெக்டட் மேடம், ஐ ஆம் டு பிரிங் டு யுவர் கைண்ட் நோட்டீஸ் தட் தி லிஃப்ட் இஸ் நாட் ஃபங்ஷனிங். இட் இஸ் தேர்ஃபோர் ரெக்வெஸ்டட் தட் நெசசரி ஆக்‌ஷன் மே கைண்ட்லி பி டேக்கன்."

ஒரு தப்புக் கிடையாது. கலெக்டருக்கே அனுப்பலாம். உள்ளே ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறது என்பது மட்டும் அதில் எங்குமே இல்லை.

"ஷ்யூர் சார். டெக்னீஷியன் வில் விசிட் இன் டூ டேஸ்."

"தேங்க்யூ மேடம்" என்றேன். (ஆமாம், நன்றி சொன்னேன். எங்கள் அலுவலகத்தில் இரண்டு நாளில் பதில் வந்தால் இனிப்பே வாங்கிக் கொடுப்போம்.)

தாம்பாளத்தை ஏந்தி நின்ற ஹான் என்னைத் தோளால் தள்ளிவிட்டுச் சுவரில் வாயை வைத்துக் கத்தினார்.

"ஹலோ! லிஃப்ட் ஸ்டாப்! டூ மேன் இன்சைட்! டார்க்! மேரேஜ் ஸ்டாப்! கம் நௌ!"

"இன்சைட்?" அந்தப் பெண் அலறினாள். "யூ ஆர் இன்சைட்?"

"யெஸ்! இன்சைட்! மீ. அங்கிள். கோகனட்."

பத்து வார்த்தை பேசினாரா, ஒரே நிமிஷத்தில் மண்டப மேனேஜருக்கு போன் போய்விட்டது. கீழே யாரோ ஓடும் சத்தம் கேட்டது. ஹான் பெருமூச்சு விட்டு, "மை இங்கிலீஷ், பேட்" என்றார்.

"மை இங்கிலீஷ், வெரி வெரி பேட்" என்றேன். என் வாய் சுயமாகச் சொன்ன முதல் இங்கிலீஷ் வாக்கியம் அதுதான்.

"நோ, நோ. கார்த்தி சே, அங்கிள் எக்ஸ்பர்ட். ஐ ஃபியர்." தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "இன் கார், ஐ டெல் டிரைவர், ஸ்லோ, ஸ்லோ."

அடப்பாவி மனுஷா! உனக்குப் பயந்து நான் கோயிலைச் சுற்றினேன், எனக்குப் பயந்து நீ காரை உருட்டிக்கொண்டு வந்தாயா! இருட்டில் இரண்டு பேரும் தேங்காய் உருளச் சிரித்தோம்.

கதவைச் சாவி போட்டுத் திறந்தபோது மூன்றாவது மாடித் தரை என் மார்பு உயரத்தில் இருந்தது. அதன்மேல் அக்காவின் முகம்.

"டேய் ஏகா! உள்ள இன்னாடா பண்ணிக்கினு இருக்க? ஐயர் கத்திக்கினு இருக்காரு! மொதல்ல தாலிய குடுறா!"

தாலி ஹான் கையில் இருந்தது. ஆகவே நாலு பேர் ஹானைத்தான் தூக்கினார்கள். தூக்கிய கையோடு மேடைக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். என்னைத் தூக்க யாரும் மிச்சமில்லை. நானே தொற்றி ஏறி, வேட்டியைச் சரிசெய்வதற்குள் கெட்டிமேளம் கேட்டது. எட்டு இருபத்தேழு. அப்படியே வராந்தாவில் உட்கார்ந்துவிட்டேன்.

வீடியோவில் இன்றைக்கும் இருக்கிறது, ஐயரிடம் தாலித் தட்டை நீட்டுகிறவர் ஹான். பெண் வீட்டில் ஒரு பெரியம்மா, "தாய்மாமன் யாரும்மா?" என்று கேட்டாராம். அக்கா கொஞ்சமும் யோசிக்காமல் மேடையில் நின்ற ஹானைக் காட்டி, "அதோ நிக்கிறாரே" என்றாளாம்.

போன ஆவணியில் கார்த்தியின் தங்கைக்குப் பத்திரிகை அடித்தார்கள். ‘தாய்மாமன்கள்’ என்று போட்டு, முதலில் ஹான் பெயர். அதற்குக் கீழே என் பெயர். புரூஃப் பார்க்க என்னிடம்தான் கொடுத்தார்கள். இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.