கடதாசி இல்லாத பேச்சு

"கேக்கேல்லைத் தம்பி. இன்னும் கூட்டு."

மன்னார் பஜாரில் எமிலியானுஸ் கழற்றி வைத்த இரண்டாவது மூக்குக்கண்ணாடி அது. காம்புக்குள் ஸ்பீக்கர், போனில் பேசுகிறவரின் குரல் காதோரம் வரும்.

"தினமும் போடவோ சேர்?" என்றார் கடைக்காரர் பவ்ஸான்.

"தினமுந்தான்."

உண்மையில் வேண்டியது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு. அரிப்பில் மீனவர் சங்கமொன்றுக்குப் பதினொரு வருடமாக அவர்தான் தலைவர். பேச்சை மனைவி மாக்கிறட் எழுதுவாள். இவர் வாசித்துக் கைதட்டு வாங்குவார். அவளும் உறுப்பினர்தான். ஆனால் கூட்டத்தன்று அவள் வந்துவிட்டால் கறி வைப்பது யார்? இந்த முறை போட்டிக்கு நின்ற மில்ரன் ஊரெல்லாம் சொல்லிவிட்டான்: "கடதாசி இல்லாம ஒருக்காக் கதைச்சுக் காட்டட்டும், நான் விலகிறன்."

மூன்றாவது கண்ணாடி தடித்த கறுப்பு. போட்டதும் வீட்டிலிருந்த மாக்கிறட் மண்டைக்குள் வந்து இறங்கினாள். "இஞ்சரப்பா, வரேக்க ரெண்டு தேங்காய் வாங்கிக்கொண்டு வாங்கோ."

"இதுதான்!" என்றார் எமிலியானுஸ்.

"தேங்காய் பக்கத்துக் கடையில இருக்கு சேர்," என்றார் பவ்ஸான்.

பெரிய மனிதரின் தேவை முகத்திலேயே தெரிந்துவிடும்போலும் என்று தலைவர் மகிழ்ந்தார்.

ஞாயிறன்று மண்டபத்தில் நாலு மின்விசிறிகள் இரைந்தன. மாக்கிறட்டின் குரல் அதில் அமுங்கிப்போனது. எமிலியானுஸ் காம்பைத் தடவித் தடவிச் சத்தத்தை உச்சிக்கே ஏற்றினார். உடனே ஒருவர் எழுந்துபோய் விசிறிகளை நிறுத்தினார். தன் பேச்சுக்கு இவ்வளவு மரியாதையா!

"கூனாதேங்கோ, நிமிருங்கோ," என்றாள் வீட்டிலிருந்தபடியே அவர் பழக்கம் தெரிந்த மாக்கிறட். நிமிர்ந்தார். முன்வரிசையும் நிமிர்ந்தது.

ஆற்றுவாயை மண் மூடி, வள்ளங்கள் தட்டுப்படும் கதைக்கு வந்தார்.

"அளக்க வந்த ஐயாமார் சப்பாத்து நனையுமெண்டு கரையை மட்டும் அளந்துபோட்டுப் போட்டினம்!" என்று மாக்கிறட் எடுத்துக்கொடுத்தாள்.

அவர் வாய் திறக்குமுன்பே மண்டபம் சிரித்து முடித்திருந்தது. கைதட்டும் முந்திக்கொண்டு வந்தது. பதறிப்போய் வேகத்தைக் கூட்டினார். சனம் அதையும் முந்தியது. வேர்த்து ஒழுகியது. பதினொரு வருடத்தில் ஊர் தன் மனதையே படிக்கப் பழகிவிட்டது என்று தேற்றிக்கொண்டார்.

மில்ரன் சிரித்தபடி எழுந்தான். "சொன்ன சொல் மாறமாட்டன். இப்பிடிக் கதைச்ச ஆளுக்கு நான் போட்டியில்லை."

தலைவர் கொலரைச் சரிசெய்தார். "வேற ஆரையும் பிரேரிக்கிறீங்களோ?"

பின்னால், கருவாடு போடும் யசிந்தா கையை உயர்த்தினாள்.

"நான் மாக்கிறட் அக்காவைப் பிரேரிக்கிறன். அவ சொன்னதெல்லாம் இஞ்ச கடைசி வாங்கில இருக்கிற எங்களுக்கும் தெளிவாக் கேட்டது. இடையில உங்கட சத்தந்தான் கொஞ்சம் இடைஞ்சல்."