கேட்காமலே எண்ணப்பட்டவர்கள்

செந்நாடு என்றொரு நாடு. வரைபடத்தில் தேட வேண்டாம், வரைந்தவர்களுக்கே வழி தெரியாது. அங்கே தளபதி கட்சி, கருவூலக் கட்சி என்று இரண்டு கட்சிகள். செய்தி சொல்ல ஒரு முரசு மண்டபம்.

அந்நாட்டில் ஒரு தெரு முழுக்க விடியலார் என்ற சபையினர் வாழ்ந்தார்கள். அதிகாலையில் உரக்கப் பாடுவார்கள். அடுத்த வீட்டு மாட்டுக்குக் காய்ச்சல் என்றாலும் கண்ணீர்விட்டு ஜெபிப்பார்கள். பார்க்கிறவர்களையெல்லாம் ஜெபத்துக்கு அழைப்பார்கள். மறுக்கத் தெரியாமல் தெரு மாற்றி நடந்த நம்மைப் போன்றவர்களும் உண்டு.

தேர்தல் வந்தால் முரசு மண்டபத்துச் செய்தியாளர் மதிவாணர் அங்கே போவார். பெருங்குரல் போதகர் தவசீலனிடம் மட்டும் பேசுவார். "சொர்க்கமே தளபதி பக்கம்தான்" என்பார் போதகர். மதிவாணர் காப்பியைக் குடித்துவிட்டு, பாதிப் பாட்டிலேயே கிளம்பிவிடுவார். மாலையில் முரசு முழங்கும்: விடியலார் அனைவரும் தளபதி பக்கம்.

இதைக் கேட்டு அமைச்சர் நீதிவளவர் மனம் இளகினார். "தெரிந்த ஓட்டைப் போடச்சொல்லி மக்களை வெயிலில் நிறுத்துவது இரக்கமற்ற செயல். இனி விடியலார் வர வேண்டாம். நாமே தளபதி கணக்கில் எழுதிக்கொள்வோம்" என்று ஆணையிட்டார்.

எதிரிகளுக்கு எதற்கு என்று கருவூலக் கட்சி அந்தத் தெருவுக்குத் தண்ணீர் வண்டியை நிறுத்தியது. சட்டைப்பையில் இருக்கும் ஓட்டுக்கு எதற்கு என்று தளபதி கட்சியும் அனுப்பவில்லை. அந்தத் தெருவில் கிருபாவதியின் மகளுக்கு அப்போதுதான் பிரசவமாகியிருந்தது. கிருபாவதி குடத்தோடு ஆற்றுக்கு நடந்தாள்.

அடுத்த தேர்தலுக்கும் மதிவாணர் வந்தார். பாதிப் பாட்டில் எழுந்தவருக்குச் செருப்பு அகப்படவில்லை. வாசல் குவியலுக்கு அடியில் எங்கோ புதைந்திருந்தது. ஜெபம் முடிந்து அவரவர் செருப்பை எடுக்கும்வரை நிற்க வேண்டியதாயிற்று. எடுக்கும்போதே சண்டை தொடங்கிவிட்டது.

"தளபதியா? அந்தாளு பேசுற பேச்ச வீட்டுல பேச முடியுமா?" என்றாள் கிருபாவதி.

"கருவூலக்காரன் மட்டும் நம்மளப் பாத்துச் சிரிக்கத்தான செய்றான்?" என்றான் அவள் கணவன் ஈசாக்கு.

"சிரிச்சுட்டுப் போறான். தண்ணி விடுறவனுக்குத்தான் என் ஓட்டு."

"உனக்குத்தான் ஓட்டே இல்லயே."

"எங்க வீட்டுக்காரர் சொல்ற ஆளுக்கு நானே போட்டதில்ல" என்றாள் போதகரின் மனைவி செல்வஜோதி.

மதிவாணர் திகைத்தார். "அம்மா, நீங்க எல்லாரும் ஒரே பக்கம்னுல்ல நான் சொல்லியிருக்கேன்?"

"ஆமா தம்பி. நாங்களும் முரசுலதான் கேட்டுக்கிட்டோம்" என்றாள் கிருபாவதி.

அன்று மாலை முரசு சற்றுத் தயங்கி முழங்கியது: விடியலார் தெருவில் கருத்து வேறுபாடு. அமைச்சர் ஆணையைத் திரும்பப் பெற்றார். "வெயிலில் நிற்கும் உரிமை விடியலாருக்கும் உண்டு" என்று கம்பீரமாக அறிவித்தார்.

மறுநாள் இரண்டு கட்சிகளின் தண்ணீர் வண்டிகளும் தெருமுனையில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. கட்சிக்காரர்களே குடங்களைச் சுமந்து வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தார்கள்.

"சண்ட போட்டாத் தண்ணி வரும்னு தெரிஞ்சிருந்தா முன்னமே போட்டிருக்கலாம்" என்றான் ஈசாக்கு.

"முன்னயும் போட்டுக்கிட்டுத்தான இருந்தோம். கேக்கத்தான் ஆளில்ல" என்று சொல்லி, பேரனின் தலையில் மெல்ல வெந்நீர் ஊற்றினாள் கிருபாவதி.